எட்டு பைட் பிள்ளையார் சுழி

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை காலை, என் மனைவியின் அண்ணனை நான் கொன்றிருக்கக்கூடும். கத்தி இல்லை, விஷம் இல்லை, எங்களுக்குள் சொத்துத் தகராறும் இல்லை. தகராறு பண்ண இருவரிடமும் சொத்து இல்லை. பிள்ளையார் சுழி போட்டேன், அவ்வளவுதான். அதுவும் பக்தி முற்றிப் போட்டதாகச் சொன்னால் பிள்ளையாரே மன்னிக்க மாட்டார். நாலு பேர் பார்த்து ‘அட, கெட்டிக்காரன்’ என்று சொல்ல வேண்டும், அதற்காகப் போட்டது.

அப்போது மலாக்கா டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே சைக்கிள் கடை. மேலே என் முதலாளியான தவுக்கேயும் நானும், ஒரு கம்ப்யூட்டரும், கரகரவென்று கத்தும் ஒரு பிரிண்டரும். ஆலைகளுக்கு வேண்டிய கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்வோம். ஆர்டர் பிடிப்பது தவுக்கேயின் வேலை. பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்குப் புத்தி சொல்வது என் வேலை. புத்தி சொல்ல ஆள் தேடி என்னைப் பிடித்தாரே, அந்த மனிதரின் தைரியத்தை என்னவென்று சொல்வது.

எங்கள் பெட்டிகளில் ஒன்று புலாவ் செபாங் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஓர் எண்ணெய் மில்லில் ஓடியது. அந்த மில்லில்தான் மச்சானுக்கு வேலை. பழக்குலைகளைக் கூண்டு வண்டிகளில் நிரப்பி, தண்டவாளத்தில் தள்ளி, ரயில் பெட்டி நீளமுள்ள ஓர் இரும்பு உருளைக்குள் அனுப்புவார்கள். கதவை அடைத்து நீராவி விடுவார்கள். ஒன்றரை மணி நேரம் வேகும். பிறகு ஆவியை வெளியேற்றி, கதவைத் திறந்து, வெந்த பழத்தை இழுப்பார்கள். புத்தகத்தில் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. மில்லில் எல்லாருக்கும் அது குக்கர். அந்தக் குக்கரின் கதவைத் திறக்கிற ஆள் என் மச்சான்.

கதவு ஆளைவிட உயரம். உள்ளே ஆவி கொஞ்சமே கொஞ்சம் மிச்சமிருந்தாலும், அத்தனை அகலத்தில் அது சேர்ந்து தள்ளும்போது ஒரு லாரி பின்னாலிருந்து இடிக்கிற மாதிரி கதவு பிய்த்துக்கொண்டு வரும். முன்னால் நிற்பவருக்கு அதற்கு மேல் கொதிநீரும் ஆவியும். இதைத் தடுக்கத்தான் எங்கள் பெட்டி. அது அழுத்தத்தை அளக்கும். ஆவி இருக்கிற வரை சிவப்பு விளக்கு. கதவின் தாழ்ப்பாள் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆவி போனதும் பச்சை, தாழ்ப்பாள் விட்டுவிடும். பெட்டிக்குப் பக்கத்தில் மூன்று மொழிகளில் ஒரு தாள் ஒட்டியிருந்தோம். தமிழ் வரி என் கைவண்ணம்: ‘பச்சை விளக்கு எரிந்தால் உடனே திறக்கலாம்.’ மலாயிலும் ஆங்கிலத்திலும் ‘உடனே’ கிடையாது. ஓசை நன்றாக இருக்கிறதே என்று நான் சேர்த்தது.

பெட்டிக்குள் இரண்டு சிப்புகள். ஒன்று பெரியவர். அவருடைய புரோகிராம் தொழிற்சாலையிலேயே பதித்து வந்தது. இனி யார் வந்தாலும் மாற்ற முடியாது. இன்னொருவர் சின்னவர், முதுகில் கண்ணாடி ஜன்னல் வைத்தவர். புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் அவரிடம் எழுதியது அழியும், மறுபடி எழுதலாம். மில்லுக்கு மில் மாறும் விதிகளைச் சின்னவரிடம் வைத்திருந்தோம். கதவைத் திறக்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்லும் பகுதியும் அங்கேதான்.

பெரியவருக்குச் சின்னவரைப் பற்றித் தெரிந்தது ஒரே ஒரு வீட்டு எண். 2000. அழுத்தத்தை அளந்து கையில் எடுத்துக்கொண்டு நேரே 2000-க்குப் போவார். அங்கே குடியிருப்பது யார், நேற்று இருந்தவர்தானா, ஒன்றும் கேட்க மாட்டார். உள்ளே என்ன எழுதியிருக்கிறதோ அதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு வரிசையாகச் செய்வார். ஆகவே தீர்ப்புப் பகுதி சரியாக 2000-இல் தொடங்க வேண்டும். ஒரு வீடுகூடத் தள்ளியிருக்கக் கூடாது. இந்த விதியை என் குறிப்பு நோட்டின் அட்டையில் நானே சிவப்பு மையில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன். எழுதிவிட்டால் அப்புறம் படிக்க வேண்டியதில்லை என்பது என் கொள்கை.

அந்த வாரம் மில்லிலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. பழம் சரியாக வேகவில்லை, வேகும் நேரத்தைப் பத்து நிமிடம் கூட்டித் தர வேண்டும். ஒரே ஒரு எண்ணை மாற்றினால் முடிந்தது. சனிக்கிழமை காலையிலேயே மாற்றிவிட்டேன். சீக்கிரம் முடித்தேன் என்று தெரிந்தால் தவுக்கே அடுத்த வேலையைக் கொடுத்துவிடுவார். எனவே கம்ப்யூட்டருக்கு முன்னால் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே சுழி போடாமல் நான் ஒரு தாளையும் தொட்டதில்லை. மலாய்த் தாள், கணக்குத் தாள், பிற்பாடு வேலைக்கு மனுப் போட்ட தாள், எல்லாவற்றின் தலையிலும் ‘உ’ இருக்கும். அதனால் மதிப்பெண் கூடியதாக வரலாறு இல்லை. ஆனால் கை கேட்காது. பெட்டியில் எழுத்துக் காட்டும் ஒரு சின்னத் திரை இருந்தது. அதில் நமக்கு வேண்டிய உருவத்தை நாமே வரைந்துகொள்ளலாம். எட்டு வரி, வரிக்கு ஐந்து புள்ளி. ஒரு வரிக்கு ஒரு பைட், ஆக எட்டு பைட். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் புள்ளி வைத்து, அழித்து, மறுபடி வைத்து, அழகான ஒரு ‘உ’ வரைந்தேன். பெட்டியைப் போட்டதும் திரையில் அது தோன்ற வேண்டும் என்று ஏற்பாடு.

இனி, அதை எங்கே வைப்பது? சுழி என்றால் தலையில்தான் வைக்க வேண்டும். பரீட்சைத் தாளின் நடுவில் எவனாவது சுழி போடுவானா? சின்னவருடைய புரோகிராமின் உச்சியில், ‘2000-இல் தொடங்கு’ என்ற வரிக்குக் கீழே, தீர்ப்புப் பகுதிக்கு மேலே, எட்டு பைட்டையும் பயபக்தியோடு வைத்தேன். தவுக்கே வந்து கட்டம் போட்ட தாளைப் பார்த்துவிட்டு, இரண்டு என்ற எண் ஏன் உடைந்துபோய்த் தெரிகிறது என்று கேட்டார். அது எங்கள் சாமி என்றேன். சாமி என்றதும் அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மில் நிற்கும் நாள். மதியம் போய்ச் சிப்பை மாற்றினேன். பெட்டியைப் போட்டதும் ‘உ’ வந்தது. பராமரிப்பு வேலைக்கு வந்திருந்த இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். நான் ஏதோ கோயில் கட்டியவன் மாதிரி நின்றேன். மச்சான் பார்த்தார், ‘ம்’ என்றார். என் கல்யாணத்தில் அப்பா ஸ்தானத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுத்தவர் அவர். அன்றைக்கும் அதைவிட அதிகம் பேசவில்லை. வெறும் குக்கரில் சோதித்தேன். பச்சை எரிந்தது, கதவு திறந்தது. தங்கா பத்து ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பி மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவளும் சந்தோஷப்பட்டாள். அண்ணனுக்குத் துணையாக இருக்கும் என்றாள்.

திங்கட்கிழமை காலை, கோப்பில் வைப்பதற்காகப் புரோகிராமைத் தாளில் அச்சடிக்கப் போட்டேன். அச்சடித்தால் இடது ஓரத்தில் ஒவ்வொரு வரியின் வீட்டு எண்ணும் வரும். பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய தேத்தண்ணியை ஒரு கையில் தொங்கவிட்டு உறிஞ்சிக்கொண்டே, வெளியே வரும் தாளைச் சும்மா பார்த்தேன். தீர்ப்புப் பகுதிக்கு நேரே 2008 என்றிருந்தது.

சிரிப்புத்தான் முதலில் வந்தது. எட்டு பைட் சாமிக்கு எட்டு வீடு ஒதுக்கி, குடியிருந்தவரைத் தள்ளி அனுப்பியிருக்கிறேன். பெரியவர் 2000-க்குப் போய்ப் பிள்ளையாரிடம் தீர்ப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார். சரி, அப்படியானால் நேற்று பெட்டி ஓடியிருக்கவே கூடாதே? பச்சை எரிந்ததே, கதவு திறந்ததே? அந்தக் கேள்வி வந்ததும் சிரிப்பு நின்றது.

சிப்பின் கட்டளைப் பட்டியலை எடுத்து மேசையில் விரித்தேன். ‘உ’வின் எட்டு வரிகளையும் ஒவ்வொன்றாகப் பட்டியலில் தேடினேன். படம் வரைய வைத்த எண்களைப் பெரியவர் கட்டளையாகப் படித்திருக்கிறார். சிப்புக்குள் எண் போட்ட சிறு அறைகள் உண்டு, கையிலிருப்பதை வைத்துக்கொள்ள. முதல் வரி: ஆறாம் அறையில் ஒன்றைக் கூட்டு. அந்த அறையை யாரும் பயன்படுத்தவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே, யாருக்கும் கெடுதல் இல்லாத கட்டளைகள். பிறகு சுழியின் காலடியில் நான் ஆசையாக இழுத்துவிட்ட நீளக் கோடு. ஐந்து புள்ளியும் நிறைந்த வரி. பட்டியலில் விரல் வைத்துப் பார்த்தேன். ஏழாம் அறையில் இருப்பதில் ஒன்றைக் குறை.

ஏழாம் அறையில்தான் குக்கரின் அழுத்தம் இருக்கும்.

கடைசி வரி வெற்று வரி; சும்மா இரு என்று அதற்குப் பொருள். சும்மா இருந்துவிட்டுப் பெரியவர் 2008-க்குள் நுழைந்து, ஒன்று குறைந்த எண்ணோடு, வழக்கம்போலத் தீர்ப்பு வாங்கியிருக்கிறார். எங்கள் அழுத்த அளவி வெறுங்காற்றிலேயே ஒன்று காட்டும். அதனால் விதி இதுதான்: ஒன்றோ அதற்குக் கீழோ என்றால் திற, இரண்டு என்றால் இன்னும் ஆவி இருக்கிறது, திறக்காதே. நேற்று வெறும் குக்கரில் ஒன்று, பூஜ்யமாகித் திறந்தது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இன்று ஆவியோடு இருக்கும் குக்கரில், இரண்டு என்பது ஒன்றாகிவிடும். இரண்டிலேயே பச்சை எரியும், தாழ்ப்பாள் விடும். கதவைப் பிய்த்து எறிய அந்த இரண்டு போதும்.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதாக ஐந்து நிமிடம். மில்லில் முதல் குக்கரை எட்டரைக்கு அடைப்பார்கள். பத்து மணிக்குத் திறப்பார்கள். நான் கூட்டிக் கொடுத்த பத்து நிமிடத்தைச் சேர்த்தால் பத்தே கால் ஆகாது, பத்து பத்து.

போன் எடுத்தேன். இந்த இடத்தைத்தான் இன்றுவரை மனைவியிடம் முழுதாகச் சொன்னதில்லை. மில் ஆபீசில் எடுத்தது ஒரு மலாய்க்கார அக்கா. சூப்பர்வைசர் வெளியே பழம் இறக்குமிடத்தில் இருக்கிறார், என்ன செய்தி என்று கேட்டார். தவுக்கே எதிர் மேசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘நான் தப்பாகச் செய்துவிட்டேன், கதவைத் தொடாதீர்கள்’ என்று சொல்ல மலாயில் ஐந்து சொல் போதும். ஐந்து சொல்லும் தொண்டை வரை வந்தன. நான் சொன்னது, பெரிய விஷயம் ஒன்றுமில்லை அக்கா, இன்றைக்குக் குக்கர் கதவைக் கொஞ்சம் மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள், நான் வந்து பார்க்கிறேன் என்று. ‘போலே லா’, சரி சரி, என்று அக்கா வைத்துவிட்டார்.

மெதுவாக. ஏதோ அடுப்பிலிருந்து பால் இறக்கச் சொல்வது போல.

முகம் ஏன் இப்படி என்று தவுக்கே கேட்டார். மில்லில் சின்ன வேலை என்றேன். வேன் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. என் கப்சாய் மோட்டார் சைக்கிள்தான். கிளம்புவதற்கு முன் சரியான சிப் ஒன்று வேண்டும். எட்டு பைட்டையும் வெட்டிப் புரோகிராமின் கடைசியில் ஒட்டினேன். தாளில் 2000-க்கு நேரே தீர்ப்புப் பகுதி நிற்கிறதா என்று மூன்று தரம் விரல் வைத்துப் பார்த்தேன். வெற்றுச் சிப்பை எழுதும் கருவியில் செருகினேன். அது எண்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகும். நாலு நிமிடம். அந்த நாலு நிமிடத்தில் மச்சானுடைய மூன்று பிள்ளைகளின் முகமும் ஒழுங்காக வந்து போயின. மூத்தவளுக்கு மாமா என்றால் உயிர். மாமா கம்ப்யூட்டர் மாமா.

சிப்பைத் தவுக்கேயின் சிகரெட் பெட்டியிலிருந்து உருவிய வெள்ளித் தாளில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டேன்.

அலோர் காஜா வரை சாலை ஒழுங்காக இருந்தது. அதற்குள் எனக்குள் ஒழுங்காக எதுவும் இல்லை. மெதுவாகத் திறக்கச் சொன்னேனே, அந்தச் செய்தி மச்சானிடம் போயிருந்தால் என்ன செய்வார்? திறப்பார். திறக்கத்தானே சொல்லியிருக்கிறேன். என்னிடமிருந்து போன ஒரே எச்சரிக்கையும் ‘திற’ என்றுதான் சொல்கிறது. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பொதுத் தொலைபேசியைப் பார்த்து மோட்டாரைச் சாய்த்தேன். பையில் இருந்தது ஒரே ஒரு சில்லிங் காசு. போட்டேன். விழுங்கியது. காதில் ஒரு சத்தமும் இல்லை. குலுக்கினேன், குத்தினேன். பின்னால் காத்திருந்த கிழவர், அந்த போன் கெட்டு ஒரு வாரம் ஆச்சு தம்பி என்று தமிழில் சொன்னார். போடும்போது சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு வந்தது பழக்குலை லாரி. ஒரு லாரி முன்னால் போனால் முந்திவிடலாம். மூன்று லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாம் அதே மில்லுக்கு. முந்தப் போனபோது எதிரே பள்ளி பஸ் வந்தது. ஓரத்து மண்ணில் இறங்கி, ஆடி, மறுபடி ஏறினேன். அந்த மூன்று லாரியையும் முந்தியபோது நான் வாயில் முணுமுணுத்தது மந்திரம் என்றால் வெட்கக்கேடு. பிள்ளையாரிடம் வேண்டவும் வாய் வரவில்லை. அவரை எந்த முகத்தோடு கூப்பிடுவது? அவரை அங்கே உட்கார வைத்ததே நான்தானே.

புலாவ் செபாங்கில் ரயில் கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில். பெட்டி, பெட்டி, பெட்டி. மோட்டாரை அணைக்காமல் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். பக்கத்துக் கடைக் கடிகாரத்தில் பத்து. நான் கூட்டிய பத்து நிமிடம் மட்டுமே இனி மிச்சம். வாழ்க்கையில் நான் யாருக்காவது உருப்படியாகக் கொடுத்தது அந்தப் பத்து நிமிடம்தான் என்று அப்போது தோன்றியது. அதுவும் மில் கேட்டுத்தான் கொடுத்தேன்.

மில் வாசலில் காவலாளி அடையாள அட்டை கேட்டார். எடுத்து நீட்டினேன். நிதானமாகப் புத்தகத்தைத் திறந்தார், பேனாவைத் தேடினார். அட்டையை அவரிடமே விட்டுவிட்டு ஓடினேன். பின்னாலிருந்து ஏதோ கத்தினார். பழம் இறக்குமிடம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. செருப்போடு வழுக்கி முழங்கால் தரையில் பட விழுந்தேன். எழுந்தபோது தலைக்கு மேலே கூரையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. ஆவியை வெளியே விடுகிறார்கள். காது அடைக்கிற இரைச்சல். அந்த இரைச்சல் குறைந்துகொண்டே வந்தால் குக்கர் காலியாகிறது என்று அர்த்தம். குறைந்துகொண்டு வந்தது.

மச்சான் கதவுக்கு முன்னால் நின்றார். நான் இருபதடி தூரத்தில். பெட்டியில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாக மாறியது. தாழ்ப்பாள் ‘டக்’ என்று விட்டது. இரைச்சலில் அது எனக்குக் கேட்டிருக்க முடியாது. ஆனால் கேட்டதாகத்தான் இன்றும் நினைவு. “திறக்காதீங்க மச்சான்” என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவரிடம் ஓடுவதா, பெட்டியிடம் ஓடுவதா என்று ஒரு கணம் கால் தடுமாறியது. பெட்டிதான் பக்கம். பக்கவாட்டில் இருந்த சுவிட்ச்சை அடித்து அணைத்தேன். மின்சாரம் போனால் தாழ்ப்பாள் தானாகப் பிடித்துக்கொள்ளும். அந்த மட்டுக்கு அதை நான் எழுதவில்லை, இரும்பும் ஸ்பிரிங்கும் செய்தது.

மச்சான் திரும்பிப் பார்த்தார். முழங்காலில் எண்ணெய், சட்டையில் மண், சுவிட்ச்சைக் கட்டிப் பிடித்தபடி அவருடைய தங்கச்சி புருஷன்.

சூப்பர்வைசர் அண்ணன் ஓடி வந்தார். தம்பின் ஊரிலிருந்து வருகிற தமிழர். நல்லவர், ஆனால் குக்கர் நின்றால் நல்லவர் இல்லை.

“எவன்லா சுவிட்ச்ச அடச்சது?”

நான்தான் என்றேன். ஆபீசில் சொல்லாத அந்த ஐந்து சொல்லை அங்கே, நாலைந்து வேலையாட்கள் நடுவே, இரைச்சலுக்கு மேலே கத்திச் சொன்னேன்.

“நான் தப்பா செஞ்சிட்டேண்ணே. அந்தப் பச்சை பொய். உள்ள இன்னும் ஆவி இருக்கு.”

“நேத்து நல்லா இருந்துச்சே?”

“நேத்து உள்ள ஒண்ணும் இல்லண்ணே. அதான் நல்லா இருந்துச்சு.”

சூப்பர்வைசர் மச்சானைப் பார்த்தார். மச்சான் குனிந்து, கதவின் அடிப்பக்கத்தைக் கையால் காட்டினார். அங்கே கட்டைவிரல் பருமனுக்கு ஒரு வடிகுழாய். பெட்டி வந்த பிறகு அதற்கு வேலை இல்லை என்று மில்லில் எல்லாரும் மறந்துபோன குழாய். அதன் திருகு திறந்திருந்தது. வாயிலிருந்து வெள்ளையாக ஆவி சீறிக்கொண்டிருந்தது. பச்சை எரிந்தபோதும் அது சீறிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

 எல்லாரும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். சீறல் ஊதலாயிற்று. ஊதல் மூச்சாயிற்று. பிறகு வெந்நீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஒரு நிமிடம் இருக்கும், அல்லது இரண்டு. சொட்டும் நின்ற பிறகு மச்சான் ஆபீசிலிருந்து கைச்சாவி கேட்டு வாங்கி, தாழ்ப்பாளைக் கையால் விடுவித்து, சக்கரத்தைச் சுற்றினார். கதவு ஒன்றுமே நடக்காதது போலத் திறந்தது. வெந்த பழத்தின் வாசம் வந்தது.  

சூப்பர்வைசர் அண்ணன் என்னைத் திட்டியதை எழுதினால் அச்சுக்கூடம் ஏற்காது. நியாயமான திட்டு. அவருடைய ஆபீஸ் போனிலிருந்தே நான் தவுக்கேயைக் கூப்பிட்டு, முழுதையும், மெதுவாகத் திறக்கச் சொன்ன கதை உட்பட, ஒன்று விடாமல் சொன்னேன்.  தவுக்கே, மற்ற மில்களுக்குப் போன சிப்புகளில் அந்தச் சாமி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். சரி, இனிமேல் அச்சடித்த தாளில் 2000-க்கு நேரே தான் கையெழுத்துப் போடாமல் எந்தச் சிப்பும் மாடியை விட்டு இறங்காது என்றார். நான் அங்கே வேலை பார்த்த கடைசி நாள் வரை அப்படித்தான் நடந்தது.

வெள்ளித் தாளைப் பிரித்துப் புதுச் சிப்பைச் செருகினேன். அடுத்த குக்கர் முடியும் வரை பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். சூப்பர்வைசரும் கூட உட்கார்ந்தார். வடிகுழாயில் கடைசிச் சொட்டு நின்ற பிறகுதான் பச்சை எரிந்தது. ‘ம்’ என்றார் மச்சான்.

கேண்டீனில் அவர்தான் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். குவளையை நான் அவசரமாக வாங்கினேன். மேசையில் கொஞ்சம் கொட்டியது. அவர் துணியை எடுத்துத் துடைத்தார். அதுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. எனக்கோ ஒரு விஷயம் மனசை அரித்தது. பெட்டி வந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. பச்சை எரிந்தால் உடனே திறக்கலாம் என்று சுவரில் ஒட்டியிருக்கிறது. நான் அனுப்பிய செய்தியும் அவரிடம் வந்திருக்கும், மெதுவாகத் திறக்கச் சொல்லி. எப்படிப் பார்த்தாலும் அவர் அந்தக் கதவைத் திறந்திருக்க வேண்டும்.

“எல்லாரும் விட்டுட்ட அந்தக் குழாய நீங்க மட்டும் ஏன் மச்சான் திறந்து பார்த்தீங்க?” என்று கேட்டேன்.

மச்சான் துணியை உதறி மடித்து வைத்தார்.

“பெட்டி நீங்க செஞ்சதுதான மாப்ள.”